மாமன் கையில் நான் கொடுத்த உன் போன்

பாப்பா,

இதை மேலே படிப்பதற்கு முன்னால் உன் போனில் இருக்கும் அந்த மெயில் ஐடியை எடுத்துவிடு. பாஸ்வேர்டை மாற்றினால் போதாது. மாற்றினால் உன் மாமன் நம்பருக்குத்தான் தகவல் போகும் என்று எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் சொன்னாள். ஐடியையே எடு. எடுக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேள். அதுவும் முடியாவிட்டால் போனைத் தூக்கி எறி, போனால் போகிறது. அந்த ஐடியை வைத்துக்கொண்டு நீ எங்கே இருக்கிறாய் என்று என் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ ஓசூர் போன நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கே நான்கு நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது. முதலில் அதைச் செய். அப்புறம் மிச்சத்தைப் படி. படிக்கப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீ என்னோடு பேசிப் பதினெட்டு நாள் ஆகிறது. நீ ஓசூர் போன இந்த எட்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நீ தவறவிட்டதில்லை. ஹாஸ்டலில் நாஷ்டா முடித்துவிட்டுக் கூப்பிடுவாய். "சாப்டியாம்மா, நல்லா கீறியா, சரி வெச்சிடறேன்." அவ்வளவுதான், இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவேன். முதல் ஞாயிறு வரவில்லை. டூட்டி போட்டிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நடுவில் நானே கூப்பிட்டேன், நம்பர் உபயோகத்தில் இல்லை என்றார்கள். ஹாஸ்டலுக்குப் போட்டேன். ரூமைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டாய், எங்கே என்று சொல்லவில்லை என்று அந்த வார்டன் அம்மா சொன்னார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் போல்ட்டை எண்ணிப் பெட்டியில் போடும்போது எண்ணிக்கை விட்டுப்போகிறது. சூப்பர்வைசர் திட்டுகிறான். திட்டட்டும். நீ உயிரோடுதான் இருக்கிறாயா என்று கேட்க என் வாய் கூசுகிறது. ஆனால் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது ஞாயிறும் உன் போன் வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் உன் மாமன் கறி வாங்கிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே, "இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?" என்றான். சொன்னேன். இரண்டு வாரமாகப் பேச்சில்லை, நம்பர் போகவில்லை, ஹாஸ்டலிலும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பதறவே இல்லை. கறிப் பையை மேடைமேல் வைத்துவிட்டுச் சொன்னான்: "நம்பரு மாத்திக்கினு போயிருப்பா. அதுக்கு ஏன் பேஜாரு படற? அவ போன்ல கீற மெயில் ஐடி நான் போட்டுக் குட்த்ததுதானே. போனு எங்க கீதுன்னு ஒரே நிமிசத்துல பாத்துச் சொல்லிடறேன். சொல்லட்டா?"

அந்த நேரத்தில் அவன் எனக்குச் சாமி மாதிரி தெரிந்தான் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். "சொல்றா" என்று வாய் திறந்துவிட்டேன். நீ எங்கேயோ ஒரு இடத்தில் இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. அதற்குள் அவனே பேச்சுவாக்கில் சொன்னான்: "போன மாசம் ஒரு லீவு நாள்ல கிருஷ்ணகிரி போயிருந்தாளே, உங்கிட்ட சொன்னாளா? சொல்லிருக்க மாட்டா." "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். "அப்பப்ப பாக்கறதுதான்" என்றான். "நீ ஓசூர் போனியாடா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை, தானாக வந்துவிட்டது. அவன் செல்போனையே பார்த்துக்கொண்டு, "ஒரே ஒரு வாட்டிக்கா. ஹாஸ்டல் கேட்டாண்ட நின்னு பாத்துட்டு வந்துட்டேன். பேசக்கூட இல்ல. என்னிக்கிருந்தாலும் நான் கட்டிக்கப் போறவதானே" என்றான்.

கேட்டுக்கு எதிரே அவன் நின்றதை நீ பார்த்துவிட்டாயா? அதனால்தான் ரூமைக் காலி பண்ணினாயா? அப்படியே இருந்தால்கூட எனக்கு நிம்மதிதான், பார். நீ பயந்து ஓடிப்போயிருக்கிறாய், வேறொன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். மகள் பயந்து ஓடினாள் என்று நினைத்து நிம்மதிப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம் சொன்னாயே, அன்றைக்கே நம்பியிருந்தால் இப்படிக் கிடந்து தவித்திருக்க மாட்டேன்.

அந்தப் போன் வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஆன்லைன் கிளாஸ் நடந்த சமயம். உங்கப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாமன் அப்போதுதான் பஜாரில் செல்போன் கடை போட்டிருந்தான். எங்கள் அம்மா இல்லாத வீட்டில் நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, எனக்கு இருக்கிற ஒரே ஆண்துணை, கடையும் வைத்திருக்கிறான், வேறு யாரிடம் போவேன்? கவுண்டரில் வைத்துப் பெட்டியைப் பிரித்து அவனே எல்லாம் போட்டான். மெயில் ஐடி, பாஸ்வேர்ட், எல்லாம் அவன் விரல்தான். "சின்னப் பொண்ணு, என் கண்ட்ரோல்ல இருக்கட்டும்க்கா" என்றான். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் போன் உன் கைக்கு வந்தது. நீ வாட்ஸ்அப்பில் அவன் கடைக் கம்ப்யூட்டர் இணைந்திருப்பதைக் கண்டுபிடித்து எடுத்தாயே, அதற்கு அடியில் அவன் போட்ட இந்த ஐடி இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை. ஐடி அவன் போட்டது என்று எனக்குத் தெரியும், அது இடத்தைக் காட்டும் என்றுதான் தெரியாது. உன்னிடம் சொல்லவில்லை. நான்தானே தலையாட்டினேன்.

என் பயத்தையும் நீ கொஞ்சம் புரிந்துகொள். மன்னிக்கச் சொல்லவில்லை, புரிந்துகொள் என்கிறேன். எங்கள் லைனில் என் பக்கத்தில் நின்று பேக்கிங் செய்தவளின் மகள், உன் வயசுதான், முகம் தெரியாத எவனிடமோ பொம்பளைப் பிள்ளை என்று நினைத்துப் பேசிப் பழகி, போட்டோ அனுப்பி, அவன் மிரட்டி, அந்தப் பெண் பள்ளிக்கூடமே போகாமல் வீட்டுக்குள் கிடந்தாள். அவள் அம்மா வேலை நேரத்தில் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். நானோ காலையில் ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவள். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் உள்ளே இருந்தால் வெளியே உலகம் இடிந்து விழுந்தாலும் தெரியாது. அந்த எட்டு மணி நேரம் உன்னை யார் பார்ப்பது? அதனால்தான் தம்பியிடம் போய், "நான் உள்ள போயிட்டா எனக்கு ஒன்னும் தெரியாதுடா, புள்ள யார்கூட பேசுது, இன்னா எழுதுதுன்னு கொஞ்சம் பாத்துக்க" என்றேன். நானே கேட்டேன். அவனாக வந்து எடுத்துக்கொண்டதில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

ஷிப்ட் முடிந்து கேட்டில் போனைத் திரும்ப வாங்கினால் அவன் மெசேஜ் இருக்கும். "பாப்பா இன்னிக்கு ஓகே." அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவேன். உன்னைப் பற்றிக் கவலை தீர்ந்தது என்று எத்தனை நாள் தூங்கியிருக்கிறேன்! நீ என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டே போனது எனக்கு உறைக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே, கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஒரு நாளாவது உன்னை உட்காரவைத்து, "இன்ன மாதிரி ஒரு பொண்ணுக்கு ஆயிடுச்சு, எனக்குப் பயமா கீது, உனக்கு யாராவது தொல்லை குடுத்தா முதல்ல எங்கிட்ட சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டு, உன் கண்முன்னால் உன் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். போட்டிருக்கட்டுமே. நாமிருவரும் போட்டுக்கொள்கிற சண்டைதானே அது. பதினாறு வயசுப் பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு எதையுமே பார்க்காமல் இருக்க எந்த அம்மாவாலும் முடியாது, அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நானே பார்த்திருக்க வேண்டும். என் கண்ணை இன்னொருத்தனுக்கு இரவல் கொடுத்திருக்கக் கூடாது.

அதுவும் யாருக்குக் கொடுத்தேன்? நீ பெரியவளான சடங்கில் தட்டு வரிசையோடு வந்து, பச்சை ஓலையில் குடிசை கட்டி, உன் கழுத்தில் மாலை போட்டவனுக்கு. அன்றைக்குச் சொந்தக்காரப் பொம்பளைகள் எல்லாம், "மாமன் மால போட்டுட்டான், இனிமே அவன் சொத்து" என்று கேலி பண்ணினார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாய், பதின்மூன்று வயசு. நானும் சேர்ந்து சிரித்தேன். காலம் காலமாக எல்லார் வீட்டிலும் பண்ணுகிற கேலிதானே என்று நினைத்தேன். அவன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நானே உன் போனையும் அவன் கையில் கொடுத்ததும், அக்காவே சம்மதம் சொல்லிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டான். தாய்மாமன் என்றால் காவல் என்று நான் நினைத்தேன். அவன் உரிமை என்று நினைத்தான். நம் ஜனங்களுக்குள் இரண்டுக்கும் ஒரே ஆளைத்தான் கை காட்டுகிறோம் என்பது அப்போது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

நீ காலேஜ் சேர்ந்த வருஷம். பொன்னேரியில் நீ ரயில் விட்டு இறங்கினால் அவன் பைக் நிற்கிறது என்று இரண்டு தரம் சொன்னாய். "கடை சாமான் வாங்க வந்திருப்பான்" என்றேன். "மாமா என் மெசேஜெல்லாம் படிக்குதும்மா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "படிச்சா இன்னா? ஒளிக்கற மாதிரி நீ இன்னாத்த எழுதற?" அன்றைக்கு அது எனக்குப் பெரிய நியாயமாகத் தெரிந்தது. இப்போது யாராவது என் பெட்டியைத் திறந்து நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கடிதத்தைப் படித்தால் நான் செத்தே போவேன். இதில் ஒளிக்க வேண்டிய குற்றம் எதுவும் இல்லை. ஆனால் இது உனக்கு எழுதியது.

அந்த மீன் குழம்பு நாள். வாயில் வைத்த சோறு இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் கசக்கிறது. மூன்று பேரும் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "இன்னா பாப்பா, என்னைப் பாத்தா உனக்குப் பயமாமே? உன் பிரெண்டு எஸ்தர்கிட்ட சொல்லிக்கினு கீற" என்றான். உன் ரத்தமெல்லாம் வடிந்த மாதிரி உன் முகம் வெளுத்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "மாமனப் பாத்து இன்னாடி பயம்?" என்று நானும் சிரித்தேன். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். அவன் போன பிறகு வந்து, "உன் தம்பிய இனிமே ஊட்டுக்கு வராதன்னு சொல்லு" என்றாய். நான் உன்னை அறைந்தேன். உங்கப்பா போன பிறகு நான் உன்மேல் கை வைத்தது அது ஒரு தடவைதான், அதுவும் உனக்காக இல்லை, அவனுக்காக. நீ அழவில்லை. "சரிம்மா" என்றாய். அதோடு என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டாய். இரண்டாம் வருஷம் பாதியில் படிப்பை விட்டுவிட்டு, பெண்களை ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை கொடுக்கும் கம்பெனி என்று ஓசூருக்குக் கிளம்பியபோது, "நல்லா படிக்கற புள்ள, ஏன்டி இப்டி பண்ற?" என்று கத்தினேன். காரணம் எனக்குத் தெரியாதது மாதிரி கத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "சொல்லட்டா?" என்று அவன் மறுபடியும் கேட்டான். விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு நின்றான். நீ இருக்கிறாயா இல்லையா என்கிற விஷயம் என் கண்ணெதிரே, ஒரு விரல் தூரத்தில் இருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டால், அக்கா சொல்லித்தான் பார்த்தேன் என்று ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டு அடுத்த வண்டியிலேயே கிளம்பிவிடுவான். "வேணாண்டா" என்றேன். அவனுக்கு ஆச்சரியம். "நாளைக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா என்னைக் கேக்காத" என்றான். அந்த வார்த்தை என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது. நான் வேண்டாம் என்று சொன்ன நேரத்தில் நீ எங்காவது காய்ச்சலில் கிடந்திருந்தால்? யாராவது உன்னை அடைத்து வைத்திருந்தால்? எந்த அம்மா வேண்டாம் என்பாள்? அவன் போன பிறகு வாசல்வரை ஓடினேன், கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று. கூப்பிடவில்லை. செய்தது சரியா தப்பா என்று எனக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் போகலாம் என்றும் நினைத்தேன். போனால் வீட்டு ஆம்பளை யார், அவரைக் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். அவன்தான் வந்து நிற்பான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு எஸ்தரைப் பார்க்கப் பொன்னேரி போனேன். கவரப்பேட்டை தாண்டும்போதே அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்னை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டாள்தான். நீ ஓசூர் போன புதிதில் அவளை மடக்கி, எந்தக் கம்பெனி, எந்த ஹாஸ்டல் என்று கேட்டு வாங்கி, அன்று சாயங்காலமே தம்பியிடம் சொன்னவள் நான். "உயிரோட கீறாளான்னு மட்டும் சொல்லும்மா, வேற ஒன்னும் வேணாம்" என்றேன். "எனக்கு ஒன்னும் தெரியாது ஆன்ட்டி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மெயில் ஐடி விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஞாயித்துக்கெழம நான் ஒரு எடத்துக்குப் போறேன். லெட்டர் குடுத்தா எடுத்துக்கினு போறேன்" என்றாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்தால் எந்த நேரத்தில் என் வாய் தவறும் என்று என்னாலேயே சொல்ல முடியாது. "போன்ல ஒரு வார்த்தையும் அனுப்பாதம்மா, கையில குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எதை அவனால் படிக்க முடியும், எதை முடியாது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அவன் கிளம்பி வந்துவிடுவானோ என்று நீ பயப்படாதே. தினமும் காலையில் கம்பெனி பஸ் பஜாரைத் தாண்டும்போது அவன் பைக் கடைக்குப் பின்னால் நிற்கிறதா என்று பார்க்கிறேன். சாயங்காலம் திரும்பும்போது இறங்கிப்போய் ஏதாவது ஒரு சாக்கு சொல்லி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். உன்னைப் பார்க்கச் சொல்லி அவனை வைத்தேன், இப்போது அவனை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவனிடம் இன்னும் சண்டை போடவில்லை. போட வேண்டியது நெஞ்சு முட்ட இருக்கிறது. அந்த ஐடி உன் போனில் இருக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது கையில் ஒரு போனைக் கொடுக்கும் நாள் வந்தால், உனக்கும் இதே பயம் வரும். என்னைத் திட்டிக்கொண்டே பயப்படுவாய். அப்போது அந்தப் பயத்தை அந்தப் பிள்ளையிடமே சொல். அது முகத்தைச் சுளித்தாலும், கதவைச் சாத்திக்கொண்டாலும் அதனிடமே சொல். வேறு யாரிடமும் போகாதே.

நீ திரும்பி வர வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்று எழுத வேண்டாம். எனக்குப் போன் செய்யாதே, என் போனையும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். எஸ்தரிடமும் பதில் கொடுத்தனுப்பாதே. அந்த ஐடியை மட்டும் எடு. எடுத்துவிட்டால் அவன் போனில் நீ இருக்கும் இடம் காட்டாதாம், ஸ்டோர்ஸ் பெண்ணிடம் இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன் உடைந்தாலும், சார்ஜ் இல்லாமல் கிடந்தாலும்கூட அப்படித்தான் ஆகும் என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு நாள் அவன் கோபமாக என் வாசலில் வந்து நின்று, "அக்கா, பாப்பா எங்க கீறான்னே தெரியல" என்று கத்துவான். அன்றைக்கு என் மகள் நல்லபடியாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு நான் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிடுவேன்.

அம்மா